ஆக்ஸ்போர்டில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பி.சி.எல். சட்டப் படிப்பை முடித்துவிட்டேன். இந்த மடலில் வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்களிடம் நேரில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு நிறையச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது.

வந்த முதல் நாள், பெட்டியை இழுத்துக்கொண்டு "யுனிவர்சிட்டி எங்கே இருக்கிறது?" என்று ஒருவரிடம் கேட்டேன். நம் ஊரில் பல்கலைக்கழகம் என்றால் பெரிய வளைவும் வாசலும் இருக்கும். இங்கே அப்படி ஒரு வாசலே கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், நூலகங்கள், துறைகள் என்று ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. அதைப் பொறுமையாக விளக்கி, என் கல்லூரி வாசல் வரை கூடவே நடந்து வந்தார் அந்தப் பெரியவர். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். முதல் நன்றி அவருக்கு.

கல்விக் கடன் பணம் ஊரில் வங்கியிலேயே மாட்டிக்கொண்டபோது, "வரும்போது கட்டுங்கள்" என்று சொன்ன கல்லூரி அலுவலகத்துக்கு நன்றி. என் முதல் கட்டுரையில் பாதியைப் பென்சிலால் அடித்துவிட்டு, அடித்தது ஏன் என்று ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய பேராசிரியருக்கு நன்றி. கவ்லி ரோட்டு அறையில் ஞாயிறுதோறும் ரசமும் சோறும் போட்ட புரூக்ஸ் பல்கலைக்கழகத் தோழிக்கும்தான்.

அப்புறம், என் ஸ்கவுட். அறையைச் சுத்தம் செய்ய வருபவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் "அக்கா" என்றே கூப்பிட்டேன். அர்த்தம் சொன்னதும் அவருக்கு அது பிடித்துப்போனது.

இங்கே தேர்வுக்குக் கறுப்பு கவுனில் கார்னேஷன் பூ குத்திக்கொண்டு போவார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. யாராவது வாங்கித் தருவதுதான் வழக்கம். எனக்கு யார் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் தேர்வன்று காலை கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஈரக் காகிதம் சுற்றிய ஒரு வெள்ளைப் பூ தொங்கியது. அம்மா கொடுத்தனுப்பிய ஊக்கால் குத்திக்கொண்டு ஹை ஸ்ட்ரீட் தேர்வுக்கூடத்துக்கு நடந்தேன்.

வழியெல்லாம் கொர்னீலியா சொராப்ஜி நினைவுதான். இந்தியாவிலிருந்து வந்து, இங்கே சோமர்வில் கல்லூரியில் படித்து, இதே பி.சி.எல். தேர்வை 1892-ல் எழுதிய முதல் பெண். அப்போது பெண்கள் தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. 1920-ல் விதி மாறி, 1922-ல்தான் அவர் கைக்குப் பட்டம் வந்தது. 30 வருஷம்! அவருக்கும் இந்த மடலில் ஒரு நன்றி.

பூ விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்தப் பொண்ணுக்கு ஒரு புடவை எடுக்கணும்டி" என்றார். எடுத்தாச்சாம், அக்கா. மாம்பழ மஞ்சள். ஊருக்குப் போனதும் அனுப்பி வைக்கிறேன்.