கண்ணு, என்ற முட்டியப் பத்தி நீ கவலப்படாத

கண்ணு, போன்ல கேட்டா நல்லா இருக்கேன்மா, சாப்டேன்மான்னு சொல்லிட்டு உடனே வெச்சிடற. அதனால தான் டைப் பண்ணி அனுப்பறேன், பொறுமையா படி. ஹரியானா பிஞ்சோர்ல, உன்ற கழுகு வளக்கற எடத்துல, குளுரு எப்படி இருக்கு, ஸ்வெட்டர் போடறியா, ரொட்டியே தின்னுட்டு இருந்தா வயிறு என்னத்துக்கு ஆகும். காலைல வெறும் வயித்தோட ஃபீல்டுக்குப் போகாத.

வெள்ளச்சி கன்னு போட்டிருக்கு, கெடாரி. மறுநாளே மடி வீங்கிக் காய்ச்சல். ஊசி போடற பையன் வந்து பையத் தொறந்ததும் நான் மொதல்ல பாட்டில வாங்கிப் பேரப் படிச்சேன். நீ எழுதிக் குடுத்த பேப்பர் காலண்டருக்குப் பின்னாடியே தான் இருக்கு. வலி ஊசில டைக்ளோஃபெனாக் கூடாது, கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023லயே மாட்டுக்குத் தடை பண்ணியாச்சு, மெலாக்சிகாம் இருந்தாப் போடு, இல்லைனா சத்தியமங்கலத்துக்குப் போய் வாங்கிட்டு வான்னேன். உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்னான். எம்பட புள்ள கழுகக் காப்பாத்தற வேலைலதான் இருக்குதுன்னேன்.

அம்மிணியக்காவும் கூட நின்னுச்சு. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து அதக் கழுகு தின்னா ரெண்டு நாள்ல கிட்னி போயிரும், ஈரல் மேல எல்லாம் யூரிக் ஆசிட் சுண்ணாம்பு பூசுன மாதிரி படிஞ்சு செத்துரும்னு நீ சொன்னத அப்படியே சொன்னேன். 2006ல மாட்டுக்கு நிறுத்தியும் மனுசனுக்கு விக்கற 30 மில்லி பாட்டில வாங்கி மாட்டுக்கே போட்டுட்டு இருந்தாங்க, அதுக்காகத்தான் 2015ல அதை 3 மில்லி ஆக்குனாங்கன்னும் சொன்னேன். ஒன்னு விடாம ஞாபகம் இருக்கு, ஏன்னா அப்பல்லாம் நீ மணிக்கணக்கா பேசுவ. கழுகு எங்க போகுதுன்னு காட்டற அந்த டேக்கக் கழுகு முதுகுல கட்டுன அன்னிக்கு வீடியோ கால்ல காட்டுனயே, அஞ்சு கிலோ பறவைக்கு 150 கிராமுக்கு மேல ஏத்தக்கூடாதும்மா, வெயில்லயே சார்ஜ் ஆகிக்கும், எங்க எறங்குது எங்க அசையாம கெடக்குதுன்னு இதுவே சொல்லிரும்னு. இப்ப கழுகு எப்படி இருக்குதுன்னு கேட்டாக்கூட ம்னு சொல்ற.

நீ குஜராத் தொலேராவுக்கு, அந்தக் கம்ப்யூட்டர் சிப்பு செய்யற கம்பெனிக்கு, ரெஸ்யூம் அனுப்பிட்டயாமா?

சிப்பு வேலைய நான் கொறச்சு சொல்லல கண்ணு. பெரியம்மா பையன் சொல்லிருக்கான், ஒரு தூசி விழுந்தாப் போதும் போட்ட காசெல்லாம் போச்சு, உள்ள போறவங்க தலைலருந்து கால் வரைக்கும் மூடிட்டுத்தான் போகணும்னு. நீ படிச்ச எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்குக்கு அது நல்ல வேலைதான். உனக்கு ஆசையா இருந்தா சந்தோசமாப் போ. ஆனா என்ற முட்டி ஆபரேசனுக்குப் பணம் சேக்கறதுக்குன்னு போறதா இருந்தா வேண்டாம், வேண்டவே வேண்டாம். யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம முடிவெடுக்கற பழக்கம் உங்கப்பா கிட்டருந்து வந்தது, கெணத்து விசயத்துல அவரு பண்ணது மறந்துருச்சா?

டாக்டர் ஆபரேசன் இப்பவே பண்ணியாகணும்னு சொல்லவே இல்ல. தொடைச் சதைய மொதல்ல பலப்படுத்தணும், சேர்ல உக்காந்து கால நீட்டி நீட்டி மடக்குங்கன்னாரு. செய்யறேன், கொஞ்சம் தேவலாம். வலி மாத்திரையும் தெனம் போடறதில்ல, ப்ரெஷர் மாத்திரை சாப்பிடற வயசானவங்க இதையும் நாள்கணக்கா சேத்துப் போட்டா கிட்னி கெடும்னு அவரே சொல்லிட்டாரு. தைலமும் வெந்நியும் போதும். காப்பீட்டுக் கார்டும் எடுத்து வெச்சிருக்கேன், நாளப்பின்ன ஆபரேசன்னாலும் அதுல ஆகுமான்னு கேட்டுக்கறேன்.

படிக்க வெச்ச காசுக்குக் கழுகு பின்னாடி சுத்துதேன்னு பெரியம்மா சொன்னத நீ மனசுல வெச்சிருக்க, எனக்குத் தெரியும். நானும் அன்னிக்கு வாயத் தொறக்காம நின்னேன். இப்ப சொல்லிட்டேன், கழுகு இல்லாமப் போயி செத்த மாடு அங்கங்க அழுகி, தெரு நாய் பெருகி, தண்ணி கெட்டு 2000லருந்து 2005 வரைக்கும் 5 லட்சம் பேர் கூடுதலா செத்துருப்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்காங்க, எம்பட புள்ள பாக்கறது மனுசனுக்கும் வைத்தியந்தான்னு. பெரியம்மா ஒன்னும் பேசல.

தெங்குமரஹடாவுக்குப் பரிசல்ல போறப்ப மாயாத்துக் கரைல நீர்மருது மரத்து மேல கழுகுக் கூட்டக் காட்டி, வருசத்துக்கு ஒரே ஒரு முட்ட தாம்மா, ஒன்னு போனா ஒரு வருசமே போச்சுன்னு நீ சொன்னப்ப உன் மொகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அத என்ற முட்டிக்காக விடறேன்னா நான் எப்படி ஒத்துக்கறது. எனக்குப் பயமா இருக்கு கண்ணு, நாளைக்கு நீ ஏசி ரூம்ல உக்காந்துட்டு அம்மாவாலதான்னு ஒரு நாளாவது நெனச்சுட்டா அந்த முட்டிய வெச்சுட்டு நான் எங்க நடக்கறது.

ஞாயித்துக்கெழம கூப்புடு, வேற காரணம் இருந்தா அதயும் சொல்லு, சம்பளம் ஒழுங்கா வருதான்னும் மறைக்காமச் சொல்லு. தம்பியத் திட்டாத, அவன் சொல்லவே மாட்டேன்னுதான் நின்னான், நான்தான் விடல.