அது காலண்டர் படம் இல்லை

அன்புள்ள நண்பா,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. அம்மா போனபோதும் வர முடியவில்லை, அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமலே நாள் ஓடிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் அதே வேலை, அதே புலம்பல்.

போன வாரம் நெதர்லாந்தில், ஹேக் நகரத்து மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில், ஓவியர் வெர்மீர் தன் ஊரை வரைந்த 'டெல்ஃப்ட் காட்சி'யை நேரிலேயே பார்த்துவிட்டேன். ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருந்தோமே, 'வெறும் காலண்டர் படம்டா' என்று நீ வருஷம் முழுக்கச் சாதித்தாயே, அதேதான். இப்போதாவது தோல்வியை ஒத்துக்கொள்.

பாதிக்கு மேல் வானம்தான். உச்சியில் ஒரு கரிய மேகம். அதன் நிழலில் மதிலும் வாசல்களும் தண்ணீரும் அடங்கிக் கிடக்கின்றன, வெயிலோ பின்னால், ஊருக்குள்ளே, புதிய தேவாலயத்தின் கோபுரத்தில் அடிக்கிறது. அந்தக் கோபுரத்தில் மணிகள் இல்லை. புது மணிகள் ஏற்றிக்கொண்டிருந்த சமயம், 1660-61. கிட்டே போய்ப் பார்த்தால் இடப்பக்கச் சிவப்புக் கூரையில் வண்ணம் மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. வலப்பக்கப் படகின் மேல் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள், ஈரம் இன்னும் காயாதது போல.

இத்தனை அமைதி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? 1654 அக்டோபர் 12 அன்று அந்த ஊரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஒரு பகுதியே தரைமட்டமானது. ஓவியர் ஃபப்ரீஷியஸ் செத்தது அதில்தான். வெர்மீருக்கு அப்போது 21 வயது. ஆறேழு வருஷம் கழித்து அதே ஊரை வரைகிறார், புகை இல்லை, இடிபாடு இல்லை. ஆனாலும் அதைச் சந்தோஷமான படம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அழுது முடித்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்களே, அந்த முகம்தான் அந்த ஊருக்கு.

முன்கரையில் இரண்டு பெண்கள் நின்று பேசுகிறார்கள். பக்கத்தில் முதலில் ஓர் ஆணையும் வரைந்து, பிறகு பூசி மறைத்திருக்கிறார். இப்போது அங்கே வெறும் மணல். ஏன் எடுத்தார் என்று யோசித்துக்கொண்டே வெகு நேரம் நின்றேன், அப்போதுதான் உன் வீட்டு வாசலில் அம்மா உட்காரும் நாற்காலி ஞாபகம் வந்தது.

அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா? எடுத்து உள்ளே போட்டுவிடாதே. டிசம்பரில் வருகிறேன். அந்தப் பழைய படம் உன்னிடம்தானே இருக்கிறது, தேடி வை.

உன்,
பழைய அறைத்தோழன்