மேலவளவு முருகேசன்

ஆசிரியருக்கு வணக்கம். வருடா வருடம் ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவு நினைவிடத்தில் தலைவர்கள் மாலை போடும் படம் உங்கள் பத்திரிகையில் வருகிறது, சரி, ஆனால் கீழே இருக்கும் நாலு வரியில் ஊராட்சித் தலைவர் முருகேசனை எப்படி வெட்டினார்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டது எல்லோருக்கும் தெரியும். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கான தனித் தொகுதியானதும் வேட்பு மனு போடவே ஆட்கள் பயந்த ஊரில், 1996-ல் நின்று ஜெயித்தும் பஞ்சாயத்து ஆபீசுக்குள் போய் உட்கார முடியாத மனிதர், எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான் 1997-ல் கொல்லப்பட்டார். அதை எழுதுங்கள். அப்புறம், அன்று அவரோடு செத்த ஐந்து பேரை வெறும் 'உள்ளிட்டோர்' என்று முடிப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த ஜூனில் ஆறு பெயரையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை