தொட்டிக்குள் இருப்பது யாருடைய கல்?

ஆத்தங்குடி
கார்த்திகை 9

ஆத்தா மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. நேற்று நீ போனில் அழுததிலிருந்து உங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பேசினால் குரல் ஏறிவிடும் எனக்கு, அதனால்தான் எழுதுகிறேன்.

வங்கியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் ஒரு தொழில் கடன் ஃபைலை முழுதாக உன் கையில் கொடுக்கவில்லை. ஜெராக்ஸ் எடு, அம்பத்தூரில் கடன் வாங்கிய கம்பெனிக்குப் போய்ச் சரக்குப் பெட்டி எண்ணு என்கிறார்கள். மாதம் 15,000 ரூபாய், வருஷம் முடிந்தால் வேலை உண்டா என்பதும் தெரியாது. இதுதானே உன் குறை? கடைசியாகச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் வேலை தருவதாக எழுதவில்லை, படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டோம். ஆனால் அந்தப் பெட்டி எண்ணுகிற வேலை இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நீ ஆறாவது படிக்கும்போது ஒரு கார்த்திகை மாதம் நம் தரைக்கல் பட்டறைக்கு ஒரு கஷ்டம் வந்தது. உனக்கு நினைவிருக்காது, அன்று உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். சரக்கை ஈடாகக் காட்டி வேண்டும்போது கடன் எடுக்கும் நம் சி.சி. கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாதாமாதம் நாம் கொடுக்கும் ஸ்டாக் கணக்கை வைத்துத்தான் வங்கி முடிவு செய்யும். கையில் உள்ள சரக்கு, வர வேண்டிய பாக்கி இரண்டையும் கூட்டி, நாம் கொடுக்க வேண்டியதைக் கழித்து, மிச்சத்தில் 25 சதவீதம் மார்ஜின், அதாவது நம் பங்கு என்று தள்ளினால் வருவதுதான் எல்லை. 90 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கி சேர்த்தியில்லை. சிறு தொழில்காரனுக்கு 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. நம்மிடம் கல் வாங்கும் ஹோட்டல்காரருக்கு அதை யார் போய்ச் சொல்வது?

அந்த மாதம் விடாத மழை. கண்ணாடியில் வார்த்த கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயில் கண்டு காய்ந்தால்தானே சரக்கு? தொட்டி நிறையக் கல் கிடந்தது, காய்ந்த கல் இருநூறுகூட இல்லை. எல்லை பாதியாக இறங்கியது. சிமெண்டுக்காரருக்கு நாம் கொடுத்த செக் திரும்பி வந்தது. சனிக்கிழமைக் கூலிக்கு உங்கம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். "கணக்கில் இருப்பதைத்தான் நான் பார்க்க முடியும்" என்றார். அந்த வங்கியின் பெயர் இங்கே வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு பையன் குடையோடு வந்தான். பயிற்சிக்கு வந்தவனாம், ஸ்டாக் எண்ண அனுப்பியிருந்தார்கள். காய்ந்த அடுக்கை எண்ணி எழுதிக்கொண்டான். அப்புறம் தொட்டி ஓரமாக நின்று, "ஐயா, இதுக்குள்ள இருக்கிறது யாரோட கல்?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கல்தான், வேறு யாருடையது? "அப்ப இது ஏன் கணக்குல இல்ல?" என்றான். வீட்டுக்குள் போய் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். வேலையில் இருக்கும் சரக்கு என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. பதினோரு வருஷமாக நான் அதை வெறுமையாக விட்டுக் கொடுத்திருக்கிறேன்! எந்த அதிகாரியும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியது அவர்கள், நிரப்பியிருக்க வேண்டியது நான். அடுத்த மாதம் எல்லை சரியானது. வளையல் திரும்பி வரத் தை பிறந்தது.

அந்தப் பையனுக்கு அங்கே வேலை கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் பாட்டையா பதின்மூன்று வயதில் பர்மாவில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக உட்கார்ந்தார். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியைப் பெருக்குவது, கடிதத்தை நகல் எடுப்பது, வட்டியை மனக்கணக்காகச் சொல்வது. மூன்று வருஷத் தவணை முடிந்து ஊருக்கு வந்து திரும்பிப் போனபின்தான் அடுத்தாள், அதாவது உதவி ஆள் ஆனார். இதைச் சொல்லி உன்னைப் பொறுமையாக இருக்கச் சொல்வேன் என்று நினைக்காதே. நம் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பெருமை பேசுபவர்கள் மீதிக் கதையைச் சொல்வதில்லை. பர்மாவில் கடன் கொடுத்த நம் செட்டியார்களும் ஆளைப் பார்த்தார்கள், நிலத்தை நடந்து பார்த்தார்கள். நெல் விலை இப்படி விழும் என்று பார்க்கவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 6 சதவீத நிலம்தான் இருந்தது. கடன் திரும்பாமல் 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. கொடுத்தது பணம், வந்தது வயல். வயலைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவர முடியுமா? 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பாட்டையா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். அதனால் நீ பெட்டியையும் எண்ணு, அந்தச் சரக்கை யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு என்றும் கேள். கேட்டால் திட்டுவார்களோ என்று பயப்படாதே. அப்ரண்டிஸுக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும், இந்த ஒரு வருஷம் எதையும் கேட்கலாம்.

மணகோலமும் சீப்புச் சீடையும் இன்றைய பஸ்ஸில் போட்டிருக்கிறோம். டப்பாவைத் திருப்பி அனுப்பு, அம்மா கேட்டாள்.

அப்புறம், அம்பத்தூர் கம்பெனியில் எண்ணியபோது பதினொரு பெட்டி குறைந்தது என்று சொல்ல வந்தாய், அதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்தப் பதினொன்று எங்கே போனது? கேட்டாயா?

அப்பச்சி