காஸ்டிக் சோடாவை எளிதாக எண்ணாதே

கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்கும் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. ஓய்வு பெறும்வரை மண் பரிசோதனைக் கூடத்தில் அந்த வேலையைத்தானே நான் செய்துவந்தேன்; அதனால் சிலவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்பது உனக்குப் பள்ளியிலேயே பாடம். 98 சதவீதக் கந்தக அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.84 மடங்கு என்பதால், அதன்மேல் ஊற்றும் தண்ணீர் மேலாகவே நின்று, அங்கே எழும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து வாரி இறைக்கும். ஒரு நார்மல் (1 N) செறிவுள்ள கரைசல் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 28 மி.லி. அமிலம் போதும், அதையும் பீக்கரின் உட்சுவரை ஒட்டி, கலக்கிக்கொண்டே, சிறிது சிறிதாக விட வேண்டும். இரண்டரை லிட்டர் புட்டியில் அமிலம் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்காதே. அடியில் ஒரு கையைக் கொடு.

ஆனால் என் கவலை அமிலத்தைப் பற்றியதன்று. அமிலம் என்றால் எல்லோருக்கும் அச்சம் இருக்கிறது. காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) என்ற வலுவான காரத்தை மட்டும் கல்லுப்பைப் போல அள்ளுகிறார்கள். அடர் அமிலம் பட்டால் பெரும்பாலும் உடனே எரியும், குழாயடிக்கு ஓடிவிடுவோம். காரம் பட்ட விரலில் முதலில் ஒரு வழுவழுப்புதான் தெரியும். தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால் வரும் வழுவழுப்பு அது. வலி தெரியவரும்போது காரம் உள்ளே இறங்கியிருக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. நீ அன்றாடம் அணியும் மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் காக்காது. முகத்தோடு பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்துகொள்.

நைட்ரஜன் அளவைக் கண்டறியும் கெல்டால் முறைக்கு வேண்டிய 40 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 400 கிராம் காரம் சேர வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் கார உருண்டைகள் அடியில் கட்டிதட்டி, திடீரெனக் கொதித்துப் பொங்கும். பீக்கரைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, முதலில் அறுநூறு மி.லி. அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, உருண்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கரைந்து சூடு தணிந்த பிறகு அடுத்ததைப் போடு. அளவுக்குடுவையில் நேரடியாகக் கரைக்காதே. முழுவதும் ஆறிய பின்பே ஒரு லிட்டராக்கு. ஐப்பசி அடைமழையில் இங்கே எடை போட்டு முடிப்பதற்குள் உருண்டைகள் ஈரம் வாங்கிப் பளபளக்கும், தாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தாளில் வேண்டாம், சிறு பீக்கரில் எடை போடு. கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில்தான் ஊற்றி வைக்க வேண்டும். கண்ணாடி மூடி இறுகி, பிறகு திறக்கவே வராது.

மேலே பட்டுவிட்டால், காரத்துக்கு வினிகர், அமிலத்துக்குச் சமையல் சோடா என்று தேடிக்கொண்டிருக்காதே. நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவு. கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போய்விடு.

உங்கள் கூடத்தில் கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டே அங்கு போய்ச் சேர உன்னால் முடியுமா, அதில் தண்ணீர் வருகிறதா என்று நாளைக்கே பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா