எங்கள் தேநீர் மேசையில் ஏன் மல்லிகை வைப்பதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நம் கடையின் பின்கட்டில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் தேநீர் அமர்வுகளுக்கு இப்போதே பெயர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சி. போன சீசனில் வந்த பலரும் கிளம்பும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீ பிரமாதம். ஆனால் மேசைதான் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது. நாலு முழம் மல்லிகையும் இரண்டு வாசனை மெழுகுவத்தியும் வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்?" வாசலில் நின்றபடி ஒற்றை வரியில் சொல்லி அனுப்பக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் இந்த மடல்.

தேயிலை காய்ந்த இலை. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். சீனாவின் ஃபூஜோ நகரத்தில் மல்லிகைத் தேயிலை செய்வதே இந்தக் குணத்தை நம்பித்தான். பிற்பகலில் மொட்டாகப் பறித்த மல்லிகை இரவில் மலரும் நேரம் பார்த்துத் தேயிலையோடு கலந்து குவித்து வைக்கிறார்கள். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, ஈரம் ஏறிய இலையை மறுபடி உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகமென்றால் புதுப் பூவோடு இதையே பல இரவுகள் திரும்பச் செய்வார்கள். கடைசியில் கோப்பைக்கு வருவது இலை மட்டும்தான், ஆனாலும் குடிக்கும்போது மணப்பது மல்லிகை. ஃபூஜோவின் இந்த மல்லிகை, தேயிலைப் பண்பாட்டை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014-இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

அப்படிப்பட்ட இலையைத் திறந்து வைத்த மேசையில் மதுரை மல்லியைச் சுற்றினால் என்ன ஆகும்? அந்த ஒரு மணி நேரத்தில் இலை அதை எவ்வளவு இழுக்கிறதோ, நம் மூக்கு கட்டாயம் முழுதாக இழுத்துக்கொள்ளும். நாக்கு துவர்ப்பு, இனிப்பு, கசப்பு என்று கொஞ்சம்தான் சொல்லும். தேநீரில் நாம் மெச்சுகிற மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மூக்கில் மல்லிகை உட்கார்ந்துவிட்டால் கோட்டகிரிச் சரிவில் விளைந்த இலையும் கூடலூர் இலையும் ஒன்றாகத்தான் தெரியும். ஊதுவத்தி, சாம்பிராணி, வாசனை மெழுகுவத்தி எதுவும் எங்கள் மேசைக்கு வராததற்குக் காரணம் இதுதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: தலையில் பூ வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அதை எடுக்கச் சொல்ல மாட்டோம். பூவோடு வாருங்கள், ஜன்னலோர இருக்கை தருகிறோம்.

இதே காரணத்துக்காக ஊருக்குத் திரும்பும் வெளியூர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊட்டிக்கு வந்தால் எல்லோரும் வாங்குவது நீலகிரித் தைலம், சாக்லேட், மொறுமொறு வர்க்கி பிஸ்கட், டீத்தூள். நாலும் ஒரே பையில் போகும். தைல பாட்டிலின் மூடி லேசாகக் கசிந்தாலும் போதும், கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் டீத்தூள் மூட்டுவலி மருந்து மாதிரி மணக்க ஆரம்பித்துவிடும். தைலத்தைத் தனிப் பையில் போடுங்கள். வீட்டிலும் தேயிலை டப்பாவை மசாலா அலமாரியில் வைக்காதீர்கள், அடுப்புக்கு மேலேயும் வேண்டாம்.

சரி, மல்லிகை இல்லையென்றால் மேசையில் வேறு என்னதான் இருக்கிறது? வெள்ளைப் பீங்கான் கப். உள்பக்கம் பூ வேலைப்பாடு இருக்காது, நிறமும் இருக்காது. நல்ல கருந்தேநீரை அதில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பை ஒட்டி ஒரு பொன்னிற வளையம் தெரியும். கறுப்புக் கோப்பையிலோ நீலக் கோப்பையிலோ அதைப் பார்க்கவே முடியாது. கப்புக்குக் கீழே கரூர் நெசவு விரிப்பு, வெளிர் நிறத்தில். நடுவில் நீளவாக்கில், நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்கள் பின்னிய ஒரு துணி. தடித்த வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக, முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அவர்கள் போர்த்துகிற பூத்துக்குளியையே மேசைவிரிப்பாகப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். போட மாட்டோம். பெரியவர்கள் முன்னால் மரியாதையோடு போர்த்தும் துணி அது, இறந்தவர்களுக்கும் அதைத்தான் போர்த்துகிறார்கள். அதன்மேல் கப் வைப்பது சரியில்லை. விற்பனைக்கென்றே அவர்கள் தைக்கும் சிறு விரிப்புகளை வாங்கித்தான் பயன்படுத்துகிறோம்.

பூ என்று இருப்பது தேயிலைப் பூ மட்டும். கவாத்து செய்யும் தோட்டங்களில் செடி பூக்க விடமாட்டார்கள் என்பதால் தேயிலை பூக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. வேலியோரம் கத்தி படாமல் விட்ட செடியில் பாருங்கள்: வெள்ளை இதழ்கள், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தம், முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரிகிற மெல்லிய மணம். சின்னக் கண்ணாடிக் குவளையில் ஒரு கொப்பு வைத்தால் போதும்.

இவ்வளவு அடக்கமாக மேசை போடுவது குளிர்காலத் தேயிலைக்காக. பனித் தேயிலை என்று கேட்டு வாங்குகிறீர்களே, அதுதான். வானம் தெளிந்த இரவுகளில் உயரமான இடங்களில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். செடி மெதுவாக வளரும், கொழுந்து குறைவாக வரும், வருகிற கொழுந்தில் மணம் திரண்டிருக்கும். உறைபனி நேரடியாக விழுந்த இலை நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த இலை கருகிப் பழுப்பாகிவிடும், விவசாயிக்கு அது நஷ்டம்தான். குளிரை வாங்கிக்கொண்டு உறைபனிக்குத் தப்பிய சரிவுகளின் கொழுந்தே நமக்கு வேண்டியது. அதை நன்றாக வாட விட்டு, பக்குவமாக உருட்டி எடுத்தால் கோப்பையில் பூவும் பழமும் கலந்த வாசனை எழும், நிறம் வெளிறிய தேன் போல இருக்கும். இதில் பால் விட்டால் எல்லாம் போச்சு.

அமர்வில் ஊற்றும் வரிசையும் இதை வைத்துத்தான். முதலில் மொட்டு மட்டும் பறித்துச் செய்த வெள்ளைத் தேநீர், அடுத்து கிரீன் டீ, பிறகு பனித் தேயிலை, அதன்பின் அழுத்தமான கருந்தேநீர், கடைசியில் பால் டீ. லேசானதிலிருந்து கடுமையானதுக்குப் போக வேண்டும். திருப்பி வைத்தால் முதல் கோப்பையிலேயே நாக்கு மரத்துவிடும். முதல் மூன்றுக்கும் தின்பண்டம் தர மாட்டோம், தண்ணீர் மட்டும்தான். ஒரு மேசைக்கு எட்டுப் பேர் என்று வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே தேநீர்க் கெண்டியிலிருந்து எட்டுச் சிறு கோப்பைகளுக்குத்தான் ஒரே சாயத்தில் ஊற்ற முடியும். அதற்கு மேல் போனால் கடைசிக் கோப்பைக்கு வருவது இலையில் ஊறிக் கசந்த தேநீர்.

இங்கே குடித்தது வீட்டில் வரவில்லை என்று சென்னை வாடிக்கையாளர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. தேயிலையில் குறையில்லை, உயரம்தான் காரணம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி. அதே இலை, அதே நேரம் என்றால் உங்கள் வீட்டில் துவர்ப்பு கூடத்தான் செய்யும். பனித் தேயிலைக்குக் கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆற விட்டு ஊற்றுங்கள். ஒரு கப்புக்கு, அதாவது 150 மில்லிக்கு, இரண்டு கிராம் இலை. மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். கிரீன் டீக்கு இன்னும் ஆற வேண்டும், 75 முதல் 80 டிகிரி. குடிதண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இந்தக் கடைக்காரர்களுக்குப் பால் டீ என்றாலே இளக்காரம் போல என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாங்கள் காலையில் எழுந்ததும் குடிப்பது அதைத்தான். பால் டீக்குச் சி.டி.சி. தூள் வேண்டும். இலையை நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டிய தூள் அது. சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்கும் சர்க்கரைக்கும் இஞ்சிக்கும் ஈடு கொடுத்து நிற்கும். அந்த மேசையில் எந்தத் தடையும் கிடையாது. பித்தளை பாய்லர், கண்ணாடி கிளாஸ், வாழை இலைத் துண்டில் பஜ்ஜி, மெதுவடை, நடுவில் தட்டு நிறைய வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? அதை டீயில் தொட்டு, உதிர்வதற்குள் வாயில் போட வேண்டும். மல்லிகையும் சாமந்தியும் வேண்டிய மட்டும் சுற்றிக்கொள்ளலாம். கொதிக்கிற பாலையும் இஞ்சியையும் தாண்டி எந்தப் பூவும் உள்ளே வரப்போவதில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இந்த மேசையைத்தான்.

வளைகாப்புக்குக் கேட்பவர்களுக்காக இந்த வருடம் புதிதாக ஒன்று செய்திருக்கிறோம். ஒவ்வொருவர் தட்டிலும் மடித்த துணிக் கைக்குட்டையைச் சிவப்பும் பச்சையுமான இரண்டு கண்ணாடி வளையல்களுக்குள் நுழைத்து வைக்கிறோம். விருந்து முடிந்ததும் வளையலைக் கையில் போட்டுக்கொண்டு போகலாம். வளையல் போடப்படும் பெண்ணுக்கு மட்டும் தேநீருக்குப் பதிலாக எலுமிச்சைப்புல்லும் இஞ்சியும் கொதிக்க வைத்த நீர் தருகிறோம். டீதான் வேண்டும் என்றால், டாக்டர் எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்று கேட்டு வந்து சொல்லுங்கள், லேசாகப் போட்டுத் தருகிறோம்.

ஆங்கிலேயப் பாணி மேசை கேட்பவர்களும் நிறைய. இரவு உணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போன காலத்தில், 1840-களில், பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா மரியா மாலைப் பசிக்காக வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்த சிற்றுண்டி என்று அதற்கு வரலாறு சொல்வார்கள். மூன்று தட்டு ஸ்டாண்டில் கீழ்த்தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். கீழிருந்து மேலாகச் சாப்பிட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்குத் துணை நம் கருந்தேநீர்தான், வேறு இலை தேட வேண்டாம். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்குப் பச்சை மிளகாய்ச் சட்னி தடவித் தரச் சொன்னால் மட்டும் இந்த ஒரு மேசைக்கு மறுத்துவிடுவோம். காரம் ஏறிய நாக்கு சூடான தேநீரில் எரிச்சலைத் தவிர எதையும் உணராது.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு செய்து காட்ட முடியுமா என்று ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள். முடியாது என்று பணிவோடு சொன்னோம். பல வருடங்கள் ஆசிரியரிடம் இருந்து பழகும் கலை அது. கிமோனோவும் பிளாஸ்டிக் செர்ரிப் பூவும் வாங்கிவந்து நடித்துக் காட்டுவது அந்த ஆசிரியர்களுக்கு மரியாதை ஆகாது. ஆனால் அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது நிறைய. 16-ஆம் நூற்றாண்டின் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் தோட்டத்தில் மலர்ந்த காலைப்பூக்களின் (மார்னிங் குளோரி) அழகைக் கேள்விப்பட்டு, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி பார்க்க வருகிறார். வந்து பார்த்தால் தோட்டத்தில் ஒரு பூ இல்லை, அத்தனையும் வெட்டப்பட்டிருக்கின்றன. கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தால் அங்கே ஒரே ஒரு பூ. தேநீர் அறையில் வாசனை கனத்த பூக்களைத் தவிர்ப்பது அங்கே இன்றும் வழக்கம். பாயில் உட்காரச் சிரமப்படும் வெளிநாட்டவருக்காக 1872-இல் கியோட்டோ கண்காட்சியின்போது மேசை நாற்காலி முறையையும் அவர்களே வகுத்தார்கள். விருந்தாளிக்காக முறையை மாற்றலாம், ஆனால் மாற்றும் உரிமை அந்தக் கலையில் தேர்ந்தவர்களுடையது.

அப்புறம், எஸ்டேட் தீம் பற்றி. பரிமாறும் பெண்களுக்குக் கொழுந்து பறிப்பவர்கள் போல உடை கட்டி, முதுகில் கூடை மாட்டிவிட்டுப் போட்டோ எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இதை எப்போதும் செய்ய மாட்டோம். எங்கள் கடையில் வேலை செய்பவர்களின் அம்மாக்கள் நிஜமாகவே அந்தக் கூடையைச் சுமந்தவர்கள், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றவர்கள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும் இதில் உண்டு. அவர்கள் வீட்டில் தேத்தண்ணி தரும் முறையை வேண்டுமானால் மேசைக்குக் கொண்டுவருகிறோம், அவர்களே அதை விரும்பிச் செய்கிறார்கள். பால் இல்லாத சூடான சாயம், உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை அல்லது ஒரு துண்டு வெல்லம். நாக்கில் இனிப்பைத் தொட்டு வைத்துக்கொண்டு ஒரு வாய் தேநீர். குடித்துப் பாருங்கள். சர்க்கரையைக் கலக்கிக் குடிப்பதைவிட இனிப்பும் குறைவாகச் செலவாகும், இலையின் துவர்ப்பும் தனியாகத் தெரியும்.

இனி முன்பதிவு விவரம். சனிக்கிழமை அமர்வு மாலை மூன்று மணிக்குத் தொடங்கும். மதியச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்தால் உங்களுக்கே நல்லது. வீட்டு விசேஷங்களுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், விரிப்புகளைத் துவைத்துக் காய வைக்க இந்தக் குளிரில் நாளாகிறது. என்ன விசேஷம், எத்தனை பேர், அதில் சர்க்கரை சேர்க்காதவர்கள் எத்தனை பேர், பால் வேண்டாதவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய கப்பின் சாசரில் ஒரு தேயிலை இலையை அடையாளமாக வைத்துவிடுவோம், யாரும் சபையில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் தேயிலைக் கடையார்
குன்னூர்