இடுப்பெலும்பு முறிந்தவரை முதலில் கட்டுங்கள், பிறகு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலையில் அடிபட்டவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்காமலேயே முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி செய்தது. அரசு மருத்துவமனை ஒன்றில் எலும்பு அறுவை மருத்துவராகப் பணிபுரியும் நான் அதன் பயனை நேரில் காண்கிறேன். ஆனால் நிலைகுலைந்த இடுப்பெலும்பு முறிவு, அந்த 48 மணி நேரத்துக்குள் அடங்காத காயம்.

இரண்டு இடுப்பெலும்புகளும், பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பும் உறுதியான நார்களால் பிணைந்து ஒரு வளையமாக நிற்கின்றன. முன்பக்க இணைப்பு 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் திரிக எலும்போடு சேரும் பின்மூட்டின் முன்புற நார்களும் அறுந்துவிட்டன என்றே கொள்கிறோம். பின்புற நார்களும் போய்விட்டால் இடுப்பின் ஒரு பாதி மேலேறிவிடும். இரத்தம் பெரும்பாலும் சிரைகளிலிருந்தும் முறிந்த எலும்பிலிருந்தும் கசிவதால், வெளியே ஒரு துளியும் தெரியாமல் லிட்டர் கணக்கில் உள்ளே தேங்கும்.

இதைத் தடுக்கும் முதல் கருவி பெல்விக் பைண்டர், அதாவது இடுப்பு வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் அகலமான பட்டை. அது இல்லாவிட்டால் மடித்த படுக்கை விரிப்பு. ஆயினும் எங்களிடம் வரும் பலருக்கு அது வேட்டி கட்டும் இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. குற்றம் நம் மொழி வழக்கிலும் உண்டு: ‘இடுப்பைக் கட்டு’ என்றால் கை இடைக்குத்தான் போகும். தொடையின் மேற்புறம் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்புப் புடைப்புகளின் மேல் கட்ட வேண்டும் என்று 108 ஊழியர்களின் பயிற்சியில் படத்தோடு சொல்லித்தர வேண்டும். முறிவைச் சோதிக்க இடுப்பை ஆட்டிப் பார்க்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். உறைந்த இரத்தம் அதில்தான் கலைகிறது.

இரத்தப்போக்கு அடங்கிய பின்னரே முழுமையான அறுவை சிகிச்சை: முன்னால் உலோகப் பிளேட், பின்னால் அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்த்தபடி, நரம்புத் துளைகளுக்கு மிக அருகில் செலுத்தப்படும் நீண்ட திருகாணிகள். நோயாளியின் உடல் தாங்குமானால் முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்யும்போது எலும்புகள் ஓரளவு எளிதாகப் பழைய இடத்துக்கு வருகின்றன. மூன்று வாரம் கடந்தால் கோணலாகவே ஒட்டத் தொடங்கிவிடும். பிரித்துச் சேர்ப்பது பெரும் அறுவை. காலில் எடை தொங்கவிட்டு வேறோர் இடத்தில் 26 நாள் படுக்கவைக்கப்பட்ட கொத்தனார் ஒருவர் அதன் பிறகே எங்களிடம் வந்தார். உயிர் பிழைத்துவிட்டார், ஒரு கால் குட்டை, சம்மணமிட்டு உட்கார முடியாது, சாரம் ஏற முடியாது.

ஆகவே, இத்தகைய நோயாளியின் எக்ஸ்ரேவையும் சி.டி. படங்களையும் அனுமதிக்கப்பட்ட அன்றே இந்த அறுவை செய்யும் மையத்துக்கு அனுப்பி, முதல் வாரத்துக்குள் மாற்றுவதை விதியாக்கக் கோருகிறேன். 48 மணி நேரத்துக்குப் பின் வரும் இந்த அறுவைக்கான செலவு எந்தத் திட்டத்தில் சேரும் என்பதை, நோயாளியின் வீட்டார் அலைந்து விசாரிக்காமல், மருத்துவமனையே முதல் நாளில் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர்